கோர்னெல் பல்கலைக்கழகத்தின் ஏழு மாணவர்களும் நூற்றாண்டு கடந்த சகோதரத்துவமும்

2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் டெலவெயார் மாநிலத்து வில்மிங்டன் நகரில் இருந்து கமலா ஹாரிஸ் ஜனநாயகக் கட்சியின் உப ஜனாதிபதி வேட்பாளர் நியமனத்தை ஏற்று உரையாற்றியபோது கொழும்பில் எமக்கு மறுநாட் காலை. குடும்பம் என்று தான் கருதுவது யார் யாரை என்று அவர் அந்த உரையில் ஒரு பட்டியலைச் சொன்னார். கணவர், பிள்ளைகள், சகோதரி, மாமன்மார், மாமிமார் என்று நீண்ட அந்தப் பட்டியலில் 'சித்திமார்' என்ற தமிழ்ச் சொல் ஒன்றும் இருந்தது. சென்னை தொடக்கம் ரொறன்ரோ வரை தமிழ் ஊடகங்களுக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அன்று நான் பணியாற்றிய பத்திரிகையிலும் சித்திதான் தலைப்பு. அந்தத் தலைப்பை இட்டவன் நானே என்பதால் இதை எவர் மீதும் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை.

ஆனால், அவரது பட்டியல் சித்திமாருடன் முடிந்துவிடவில்லை. அல்பா கப்பா அல்பா என்ற தனது சகோதரியர் சங்கத்தையும், 'தெய்வீக ஒன்பது' என்று செல்லமாக அழைக்கப்படும் கறுப்பின மாணவர் சங்கங்களையும் அவர் அதே மூச்சில் குடும்பம் என்றே குறிப்பிட்டார். அந்த வரிகள் எமக்கு விளங்கவில்லை. அமெரிக்கர்களின் உள்வீட்டு விவகாரம் என்று கருதி வெட்டிவிட்டேன். அந்த நாட்களில் அவரது தேர்தல் நிதிக்கு 19 டொலர் 8 சதம் என்ற விநோதமான தொகையில் ஆயிரக்கணக்கான நன்கொடைகள் வந்து சேர்ந்ததாகச் செய்திகள் வெளியானபோதுதான் நான் வெட்டியெறிந்தது எதனை என்று தேடிப் பார்க்கத் தொடங்கினேன். அல்பா கப்பா அல்பா ஆரம்பிக்கப்பட்ட ஆண்டு 1908. கல்லூரியை விட்டு முப்பது, நாற்பது வருடங்களுக்கு முன்னர் வெளியேறிய பெண்கள், தங்கள் சங்கம் பிறந்த ஆண்டையே காசோலையில் எழுதி ஒரு 'சகோதரிக்கு' அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

எமது சமூகத்தில் பழைய மாணவர் சங்கங்களின் பலத்தை அறியாதவர்கள் இல்லை. யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றின் கூரை பறந்துபோனால் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பணம் திரளும். ஆனால், அது பாடசாலை மீதான விசுவாசம். கூடப் படித்தவனை, அவனுக்கு முப்பது வருடங்கள் முன்னரோ பின்னரோ எங்கோ ஒரு கல்லூரியில் படித்து அதே சங்கத்தில் சேர்ந்த முன்பின் அறியாத ஒருவனைக்கூட, சகோதரன் என்று அழைத்து அவனது மரணச் சடங்கில் முன்வரிசையில் நிற்பது வேறு சங்கதி. அது எப்படி உருவானது என்பதே இந்தக் கட்டுரையின் விடயம்.

அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட சங்கங்கள் அந்த நாட்டின் வயதை ஒத்தவை. சுதந்திரப் பிரகடனம் வெளியான அதே 1776ஆம் ஆண்டின் டிசம்பர் 5ஆம் திகதி, வேர்ஜீனியாவின் வில்லியம் அன்ட் மேரி கல்லூரி மாணவர்கள் பை பீட்டா கப்பா என்ற இரகசியச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அது பின்னர் இரகசியத்தைக் கைவிட்டு, கல்வியில் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் அமைப்பாக மாறிவிட்டது. இன்று நாம் அறிந்த வடிவம் நியூயோர்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் 1825ஆம் ஆண்டிலும் 1827ஆம் ஆண்டிலும் தோன்றிய மூன்று சங்கங்களுடன் ஆரம்பமாகிறது. (அமெரிக்க மிஷனரிமார் எமது வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவியது 1823ஆம் ஆண்டில். டானியல் பூவர் போன்றவர்கள் நியூ இங்கிலாந்துக் கல்லூரிகளில் இருந்து பலவற்றையும் எமக்குக் கொண்டுவந்தார்கள். நல்ல வேளையாகவோ கெட்ட வேளையாகவோ இதைக் கொண்டுவரவில்லை.) தனி வீடு, சின்னம், இரகசியச் சடங்கு, உறுப்பினருக்கு மாத்திரம் தெரிந்த கைகுலுக்கல் என்று அந்தச் சங்கங்கள் வளர்ந்தன. வசதி படைத்த வெள்ளை இளைஞர்களின் உலகம் அது. கறுப்பருக்கும் யூதருக்கும் பெரும்பாலும் கதவு மூடியே இருந்தது. 1948ஆம் ஆண்டில்கூட அம்ஹேர்ஸ்ட் கல்லூரியில் ஒரு கிளை கறுப்பின மாணவன் ஒருவனைச் சேர்த்துக்கொள்ள முடிவெடுத்தபோது அதன் தலைமைச் சங்கம் அந்தக் கிளையையே விலக்கியது.

1905ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் இத்தாக்கா நகரின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்ததை இந்தப் பின்னணியிலேயே பார்க்கவேண்டும். எந்த மனிதரும் எந்தப் பாடத்தையும் கற்கக்கூடிய இடமாக இருக்கவேண்டும் என்ற இலட்சியத்துடன் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம் அது. கறுப்பின மாணவர்கள் விரிவுரை மண்டபத்துக்குள் அனுமதிக்கப்பட்டார்கள். மண்டபத்துக்கு வெளியே அவர்களுக்கு எதுவும் இல்லை. தங்குவதற்கு நகரிலிருந்த கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளையே நாடவேண்டும். சேர்ந்து படிப்பதற்கு எவரும் இல்லை. முந்திய கல்வியாண்டில் படித்த கறுப்பின மாணவர்களில் ஆறு பேர் அந்த வருடம் திரும்பி வரவில்லை. எவரும் அவர்களைத் துரத்தவில்லை. அவர்கள் வரவில்லை, அவ்வளவுதான். தனிமை ஒரு மாணவனை எப்படிப் பல்கலைக்கழகத்தில் இருந்து வெளியேற்றும் என்பதை எஞ்சியிருந்தவர்கள் கண்முன்னால் பார்த்தார்கள்.

எஞ்சியவர்கள் வாரத்தில் சில இரவுகள் கூடிப் படிக்கத் தொடங்கினார்கள். இலக்கியம் பேசினார்கள், பரீட்சைக்கு ஒருவரையொருவர் தயார்ப்படுத்தினார்கள். அவர்களில் சிலர் படிப்புச் செலவுக்காக வெள்ளை மாணவர்களின் சங்க வீடுகளில் உணவு பரிமாறும் வேலை செய்தவர்கள். மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களின் சிரிப்பையும், பட்டம் பெற்றுப் போனவர்கள் திரும்பி வந்து இளையவர்களுக்குத் தொழில் தேடிக்கொடுப்பதையும், கையில் தட்டுடன் நின்று பார்த்தவர்கள். எங்களுக்கு ஏன் இப்படியொன்று இருக்கக்கூடாது என்ற கேள்வி அங்கே பிறந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

அந்தக் கேள்விக்கு உடனடியாக ஒருமித்த பதில் கிடைக்கவில்லை. இலக்கியச் சங்கமாகவே இருந்தால் போதும், வெள்ளையரின் சடங்குகளைப் பின்பற்றும் சகோதரத்துவம் எமக்கு எதற்கு என்று ஒரு சாரார் வாதிட்டனர். ஆரம்பத்தில் அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிய பட்டப்பின்படிப்பு மாணவர் பொயின்டெக்ஸ்டரின் நிலைப்பாடு அதுவே. விவாதம் ஒரு வருடத்துக்கும் மேலாக நீடித்தது. 1906 டிசம்பர் 4ஆம் திகதி அல்பா பை அல்பா பிறந்தது. ஹென்றி காலிஸ், சார்ள்ஸ் சப்மன், யூஜீன் கின்கிள் ஜோன்ஸ், ஜோர்ஜ் பிடில் கெலி, நதானியேல் மறே, ரொபேர்ட் ஓகிள், வேர்ட்னர் டான்டி என்ற எழுவரை அந்தச் சங்கத்தினர் இன்றும் 'ஏழு மணிகள்' என்று போற்றுகின்றனர். பொயின்டெக்ஸ்டரின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. முதல் விளக்கை ஏற்றியவர்கள் சில வேளைகளில் படத்துக்கு வெளியே நின்றுவிடுவதை எமது இயக்கங்களின் வரலாற்றிலும் கண்டிருக்கிறோம்.

அந்த டிசம்பருக்கு இரண்டரை மாதங்கள் முன்னர், செப்டெம்பரில், அட்லாண்டா நகரில் வெள்ளையர் கும்பல்கள் நாட்கணக்கில் கறுப்பரை வேட்டையாடியிருந்தன என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். எழுவரும் விளையாட்டுக்காகச் சங்கம் அமைக்கவில்லை.

அடுத்த வருடமே வொஷிங்டனின் ஹவார்ட் பல்கலைக்கழகத்தில் இரண்டாவது கிளை. அதே ஹவார்டில் 1908ஆம் ஆண்டு அல்பா கப்பா அல்பா, கறுப்பினப் பெண்களின் முதலாவது சங்கமாகத் தோன்றியது. 1911ஆம் ஆண்டு இந்தியானாவில் கப்பா அல்பா சை, ஹவார்டில் ஒமேகா சை பை. 1913ஆம் ஆண்டு ஜனவரியில் 22 மாணவிகள் ஆரம்பித்த டெல்டா சிக்மா தீட்டா, இரண்டு மாதங்கள் கூட நிறைவடையாத நிலையில் மார்ச் 3ஆம் திகதி வொஷிங்டனில் பெண்களின் வாக்குரிமைக்கான பேரணியில் நடந்தது. கடைசியாக 1963ஆம் ஆண்டு பால்ட்டிமோரில் ஐயோட்டா பை தீட்டா சேர்ந்ததுடன் ஒன்பதின் கணக்கு நிறைவடைந்தது.

வெள்ளை மாணவனுக்குச் சங்கம் பெரும்பாலும் நான்கு வருட வாழ்க்கை. பட்டத்துடன் அவன் அங்கிருந்து தந்தையின் கம்பனிக்கோ, சட்டத்தரணிகளின் கழகத்துக்கோ போய்விடுவான். கறுப்பின மாணவனுக்குப் பட்டமளிப்பு விழாவின் மறுநாளும் அதே மூடிய கதவுகள்தான். அமெரிக்க சட்டத்தரணிகள் சங்கம் 1943ஆம் ஆண்டு வரை கறுப்பரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. வெளியூர் போனால் அறை கொடுக்கும் ஹோட்டல் இல்லை. ஆகவே, பட்டதாரிகளும் தங்களுக்கென்று கிளைகளை அமைத்துக்கொண்டார்கள். புதிய ஊருக்கு வேலைக்குப் போகும் இளம் டாக்டருக்கோ ஆசிரியருக்கோ அங்கே ஒரு சகோதரனின் வீடும் ஒரு வேளை உணவும் இருந்தன. 'நான் உறுப்பினனாக இருந்தேன்' என்று இறந்தகாலத்தில் சொல்லும் வழக்கம் அவர்களிடம் இல்லை. கல்லூரி முடிந்தபோது தேவை முடிந்துவிடவில்லை. அதனால் உறவும் முடியவில்லை.

எழுவரில் டான்டி நியூயோர்க் மாநிலத்தில் பதிவுபெற்ற முதலாவது கறுப்பினக் கட்டடக்கலைஞர் ஆனார். ஜோன்ஸ் தேசிய நகர்ப்புற லீக்கை நீண்டகாலம் வழிநடத்தினார். காலிஸ் வைத்தியரானார்; எழுவரில் கடைசியாக எஞ்சியிருந்து 1974ஆம் ஆண்டு காலமானார்.

இந்த உறவு வெறும் விருந்துபசாரமாக இருக்கவில்லை என்பதற்கு நீதிமன்றப் பதிவுகள் சாட்சி. டொனால்ட் மறே என்ற கறுப்பின இளைஞர் அம்ஹேர்ஸ்ட் கல்லூரியின் பட்டதாரி. 1935ஆம் ஆண்டு மேரிலான்ட் பல்கலைக்கழகத்தின் சட்டபீடம் அவரது விண்ணப்பத்தை நிறத்தின் காரணமாக நிராகரித்தது. அந்த வழக்கை முதலில் கையில் எடுத்தது அல்பா பை அல்பா. நீதிமன்றத்தில் நின்றவர்கள் சார்ள்ஸ் ஹூஸ்டனும் அவரது மாணவர் தேர்குட் மார்ஷலும். இருவருமே அந்தச் சங்கத்தின் சகோதரர்கள். மார்ஷலின் சொந்த ஊர் பால்ட்டிமோர். ஊரிலிருந்த சட்டபீடம் கறுப்பருக்கு இடம் கொடுக்காது என்பதால் தினமும் வொஷிங்டனுக்குப் பயணம் செய்து ஹவார்டில் சட்டம் படித்தவர் அவர். மறே வென்றார். மார்ஷல் பிற்காலத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதலாவது கறுப்பின நீதியரசரானார்.

இன்னொரு வழக்கு என்னை மேலும் கவர்ந்தது. 1942ஆம் ஆண்டு எல்மர் ஹென்டர்சன் என்ற அரசாங்க உத்தியோகத்தர் வொஷிங்டனில் இருந்து தெற்கு நோக்கி புகையிரதத்தில் போய்க்கொண்டிருந்தார். உணவுப் பெட்டியில் கறுப்பருக்கென்று திரைச்சீலையால் மறைக்கப்பட்ட இரண்டு மேசைகள். ஆனால், அவர் போனபோது அவற்றிலும் வெள்ளைப் பயணிகள் அமர்ந்திருந்தனர். ஒரு கதிரை காலியாக இருந்தும் அவருக்கு உணவு பரிமாறப்படவில்லை. அந்த வழக்கை அல்பா பை அல்பா பொறுப்பேற்று, தனது சகோதரரான பெல்போர்ட் லோசன் மூலம் எட்டு வருடங்கள் நடத்தியது. 1950 ஜூன் 5ஆம் திகதி உச்ச நீதிமன்றம் அந்தத் திரைச்சீலை சட்டவிரோதமானது என்று தீர்ப்பளித்தது. வெள்ளையரின் மேசைகளில் பரிமாறிய மாணவர்கள் தொடங்கிய சங்கம் ஒரு மனிதன் மேசையில் அமர்ந்து சாப்பிடும் உரிமைக்காக வழக்காடியிருக்கிறது.

எல்லாமே பெருமைக்குரியவை என்று சொல்வதற்கில்லை. ஹவார்டின் சமூகவியல் பேராசிரியர் பிராங்ளின் பிரேசியர் 1950களில் எழுதிய 'கறுப்பு பூர்ஷுவா' என்ற நூலில் இந்தச் சங்கங்களின் ஆடம்பரத்தையும் மேட்டுக்குடி மனோபாவத்தையும் கடுமையாகச் சாடினார். ஏழை விவசாயியின் மகனுக்கு அந்த வட்டத்தில் இடமேது என்ற கேள்வி நியாயமானது. எந்தச் சகோதரத்துவமும் வேலியொன்றைப் போட்டுக்கொண்டே பிறக்கிறது.

மார்ட்டின் லூதர் கிங் 1952ஆம் ஆண்டு பொஸ்டனில் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கும்போது அல்பா பை அல்பாவில் சேர்ந்தார். மொன்ட்கொமரி பஸ் பகிஷ்கரிப்பு நடந்துகொண்டிருந்த 1956ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், பவலோ நகரில் நடைபெற்ற சங்கத்தின் பொன்விழா மாநாட்டில் அவர் உரையாற்றினார். அவருக்கு அப்போது வயது 27. 1968ஆம் ஆண்டு 39 வயதில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவருக்கு வொஷிங்டனில் ஒரு நினைவகம் அமைக்கவேண்டும் என்ற யோசனையை 1980களின் முற்பகுதியில் முன்வைத்தவர்களும் அவரது சங்கச் சகோதரர்களே. 1996ஆம் ஆண்டு காங்கிரஸின் அனுமதியைப் பெற்று, சுமார் 120 மில்லியன் டொலர்களைத் திரட்டி, 2011 ஒக்டோபர் 16ஆம் திகதி அது திறந்துவைக்கப்பட்டது. யோசனை சொன்னவர்கள் கிழவர்களாகி விட்டிருந்தார்கள்.

ஊடகவியலாளர் பயிற்சி ஒன்றுக்காக 2014ஆம் ஆண்டு வொஷிங்டன் போனபோது அந்த நினைவகத்தைப் பார்க்கச் சென்றேன். கருமையும் பொன்னிறமும் கலந்த மேலங்கி அணிந்த மூன்று முதியவர்கள் கிங்கின் சிலையின் கீழ் நின்று படமெடுக்க எவரையோ தேடினார்கள். கமராவை என்னிடம் தந்தார்கள். படமெடுத்த பிறகு பேச்சுக் கொடுத்தேன். நீங்கள் மூவரும் கூடப் படித்தவர்களா என்று கேட்டேன். ஒருவர் தனது இலக்கத்தைச் சொன்னார். 'நான் இரண்டு, இவர் நான்கு, அவர் ஏழு.' எனக்கு விளங்கவில்லை. சங்கத்தில் சேர விரும்புகிறவர்கள் உயரத்தின்படி வரிசையில் நிறுத்தப்பட்டு இலக்கமிடப்படுவார்களாம். வாரக்கணக்காக அந்த வரிசையில் ஒன்றாக நடந்து, ஒன்றாக வசை வாங்கி, ஒன்றாகச் சங்கத்துக்குள் காலடி வைத்தவர்கள் வாழ்நாள் முழுவதும் வரிசைச் சகோதரர்கள். 1969ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் இவர்கள் ஏழு பேர் வரிசையில் நின்றிருக்கிறார்கள்.

முதல் நாள் மூன்றாம் இலக்கத்தவரின் மரணச் சடங்கு நடந்திருக்கிறது. அதற்காகவே அவர்கள் வெவ்வேறு மாநிலங்களில் இருந்து வந்திருந்தனர். இறந்தவரை அவர்கள் காலமானவர் என்று சொல்லவில்லை, 'ஒமேகா கிளைக்கு' மாறிவிட்டார் என்றார்கள். சங்கத்தின் கிளைகள் கிரேக்க எழுத்துகளால் பெயரிடப்படுகின்றன. கோர்னெல் அல்பா, ஹவார்ட் பீட்டா. கடைசி எழுத்தான ஒமேகா மாத்திரம் உயிருள்ள எவருக்கும் கொடுக்கப்படுவதில்லை. அது இறந்தவர்களின் கிளை.

பத்திரிகையாளனின் பழக்கதோஷம், அந்த வரிசையில் உங்களை அடித்தார்களா என்று கேட்டுவிட்டேன். இரண்டாம் இலக்கத்தவர் சிரித்தார். நான்காம் இலக்கத்தவர் சிரிக்கவில்லை. 'என் பேரனுக்கு அது நடப்பதை நான் விரும்பமாட்டேன்' என்றார். ஏழாம் இலக்கத்தவர் அவரைப் பார்த்து, 'ஆனால், அது இல்லாவிட்டால் இன்று நீ இங்கே வந்திருப்பாயா?' என்று கேட்டார். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

இந்தச் சங்கங்களின் இருண்ட பக்கம் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. 1989ஆம் ஆண்டு அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரியில் அல்பா பை அல்பாவில் சேர முயன்ற ஒரு மாணவன் உயிரிழந்தான். அடுத்த வருடம் கறுப்பினச் சங்கங்கள் வரிசை முறையை உத்தியோகபூர்வமாக ஒழித்தன. அது ஒழியவில்லை, மறைவிடங்களுக்குப் போனது. விண்ணப்பத்தை நிரப்பிச் சேர்ந்தவனை 'கடதாசிச் சகோதரன்' என்று மற்றவர்கள் எள்ளி நகையாடினார்கள். அந்த இகழ்ச்சிக்கு அஞ்சியே அடி வாங்கப் போனவர்களும் உண்டு. வெள்ளையர் சங்கங்களிலும் மரணங்கள் தொடர்ந்தன. பல்கலைக்கழகங்கள் இத்தகைய வதைகளைப் பகிரங்கமாக அறிக்கையிடவேண்டும் என்ற கூட்டாட்சிச் சட்டம் 2024 டிசம்பரில்தான் நிறைவேறியது. மறேக்காக வாதாடிய மார்ஷலும்கூட, மாணவராக இருந்த காலத்தில் புதுமுக மாணவர்களை வதைத்தமைக்காக இடைநிறுத்தப்பட்டவர்.

1959ஆம் ஆண்டு அரொன்சன், மில்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்று இது பற்றிப் பேசுபவர்களால் அடிக்கடி குறிப்பிடப்படுகிறது. 63 கல்லூரி மாணவிகளை ஒரு கலந்துரையாடல் குழுவில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லி, சிலரைக் கூச்சமூட்டும் சொற்களை உரக்க வாசிக்கச் செய்தார்கள். சிலருக்கு மிதமான சோதனை, சிலருக்கு எதுவும் இல்லை. பின்னர் எல்லோருக்கும் வேண்டுமென்றே சலிப்பூட்டும் வகையில் தயாரிக்கப்பட்ட ஒரே உரையாடலைக் கேட்க வைத்தார்கள். அதிகம் அவமானப்பட்டவர்களே அதை அதிகம் சுவையானது என்றார்கள். விலை கொடுத்து வாங்கியதை மட்டமானது என்று ஒப்புக்கொள்ள மனது இடம் தராது.

இதை வாசித்தபோது எனக்கு ஏழாம் இலக்கத்தவரின் கேள்வி மாத்திரம் நினைவுக்கு வரவில்லை. எனது பல்கலைக்கழக விடுதியின் விறாந்தையும் நினைவுக்கு வந்தது. 1991ஆம் ஆண்டு நான் கலைப்பீடத்துக்குச் சென்றபோது அந்த விறாந்தையை நெருப்புக்குச்சியால் அளந்து எத்தனை குச்சி நீளம் என்று நடுச்சாமத்தில் சிரேஷ்ட மாணவர்களிடம் ஒப்புவித்திருக்கிறேன். பிழையென்று சொல்லி மறுபடி அளக்க விட்டார்கள். பக்கத்தில் முழந்தாளில் நின்று அளந்தவன்தான் இன்றும் எனது உயிர் நண்பன். லண்டனில் இருக்கிறான். தந்தையார் இறந்தபோது போர்க்காலத்தில் நான் ஊருக்குப் போகமுடியாமல் கொழும்பில் இருந்து அழுத இரவு முழுவதும் என்னுடன் இருந்தவன் அவன். பகிடிவதை இல்லாவிட்டால் இந்த நட்பு வந்திருக்குமா என்று எவரேனும் கேட்டால், வந்திருக்காது என்றே நீண்டகாலம் சொல்லிவந்தேன்.

அடுத்த வருடம் நாங்கள் சிரேஷ்ட மாணவர்கள். மன்னார்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்து ஒருவன் வந்திருந்தான். மெலிந்தவன், இரண்டு சேட்டுகள்தான் இருந்தன. மூன்று இரவுகள் அவனை அறை அறையாக அழைத்துச் சென்றார்கள். ஓர் இரவு எங்கள் அறைக்கும் வந்தான். நான் அவனை அடிக்கவில்லை. ஆனால், கட்டிலில் இருந்து சிரித்தேன். நான்காம் நாள் காலையில் அவனது கட்டில் காலியாக இருந்தது. அந்த நாட்களில் வடக்கே போவதென்றால் சோதனைச் சாவடிகளையும் ஷெல்வீச்சையும் கடந்து போகவேண்டும். அவன் போய்ச் சேர்ந்தானா என்று எவரும் விசாரிக்கவில்லை. அவன் திரும்பி வரவில்லை. கோர்னெலில் 1905ஆம் ஆண்டு அந்த ஆறு பேரும் திரும்பி வராததைப் போல.

1997ஆம் ஆண்டு பகிடிவதைக்குப் பின்னர் தமிழ் மாணவர் ஒருவர் சிறுநீரகங்கள் செயலிழந்து இறந்தபோது நான் செய்தியறையில் இருந்தேன். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் நிறைவேற்றப்பட்டபோது அதை வரவேற்று ஆசிரிய தலையங்கம் எழுதியதும் நான்தான். மன்னார் மாணவனைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

கோர்னெலின் எழுவர் திரும்பி வராத ஆறு பேரைக் கண்டே ஒன்றுகூடினார்கள். இனி ஒருவரும் தனிமையால் போய்விடக்கூடாது என்பதற்காகக் கட்டியெழுப்பப்பட்ட வீடு அது. சடங்கு பின்னால் வந்தது. விரைவிலேயே வாசலில் பிரம்புடன் நிற்பதே சடங்கு என்றாகிவிட்டது. நாங்களோ பிரம்பில் இருந்து தொடங்கினோம். எங்கள் நட்பை நாங்கள் உண்மையில் வளர்த்துக்கொண்டது விறாந்தையில் அல்ல, அதற்குப் பின்னர் வந்த நான்கு வருட ஊரடங்குகளிலும் சுற்றிவளைப்புகளிலும் ஒரு பார்சல் சோற்றை மூவர் பகிர்ந்த நாட்களிலும்தான் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு ஐம்பது வயது தாண்டவேண்டியிருந்தது.

எங்கள் அணிக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. சென்ற மாதம் ஒருவன் விடுதியின் பழைய படமொன்றைப் போட, எல்லோரும் பகிடிவதைக் காலத்துப் பொற்காலக் கதைகளை எழுதத் தொடங்கினார்கள். சிட்னியில் இருந்தும் ஒஸ்லோவில் இருந்தும் சிரிப்புக் குறிகள் வந்து நிறைந்தன. நான் மன்னார் மாணவனைப் பற்றி நான்கு வரி எழுதினேன். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு லண்டன் நண்பன் கேட்டான்: "மச்சான், அவன்ரை பேர் என்ன?"

நாற்பத்தொரு பேர் உள்ள குழு அது. ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. பல்கலைக்கழக நிருவாகத்தில் கடமையாற்றி ஓய்வுபெற்ற எங்கள் அணியினன் ஒருவன், அந்த ஆண்டின் அனுமதிப் பதிவேட்டை யாரையாவது கொண்டு பார்க்கச் சொல்வதாக எழுதியிருக்கிறான். இன்னமும் பதில் வரவில்லை.